பெயர் மாறிற்று, பாக்கி தீர்ந்ததா?

காலைப் பலகாரத்தின்மேல் ஊற்றித் தின்னும் ஒரு சர்க்கரைப் பாகு. அந்தப் பாகை அடைத்த ஒரு புட்டி. புட்டியின்மேல் ஒட்டிய ஒரு தாள். தாளில் ஒரு பெயர், ஒரு முகம். அந்தப் பெயரையும் முகத்தையும் எடுத்துவிடுகிறோம் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி 2020 ஜூன் 17-ஆம் நாள் அறிவித்தது. அறிவித்ததுதான் தாமதம், நாடு முழுதும் வாக்குவாதம் மூண்டது. நல்லது நடந்தது என்றனர் சிலர். நாசம் செய்துவிட்டார்கள் என்றனர் சிலர். எங்கள் நாக்குக்குப் பிடித்த பாகையாவது விட்டுவைக்கக் கூடாதா, தின்னும் பண்டத்திலுமா அரசியல் என்று சலித்துக்கொண்டனர் வேறு பலர்.

எங்கோ ஒரு நாட்டார் எந்தப் பாகை எந்தப் பெயரால் வாங்கித் தின்றால் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஆலைச் சங்கு ஊதுவதற்கு முன் தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்து இந்த ஏட்டைப் புரட்டும் தொழிலாளித் தோழருக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் அந்தப் புட்டிக்குள் இருந்தது இனிப்பு மட்டுமன்று. ஓர் இனத்தார் பட்ட இழிவும், ஏழைப் பெண்கள் சிலர் செய்த உழைப்பும், அந்த இரண்டையும் காசாக்கிய முதலாளித் தந்திரமும் அதற்குள் இருந்தன. பெயரை மாற்றுவது எப்போது நீதி, எப்போது வெறும் பூச்சுவேலை என்பதைக் கற்க, இந்தப் புட்டி ஒரு நல்ல பாடப் புத்தகம். ஆகவேதான் இதை எடுத்துக்கொண்டோம்.

கூத்து மேடையில் எடுத்த பெயர்

பான்கேக் என்பது அவர்கள் ஊர்த் தோசை என்று வைத்துக்கொள்ளலாம். கோதுமை மாவைக் கரைத்துக் கல்லில் வார்த்து, சுடச்சுட எடுத்து, மேலே பாகை ஊற்றி உண்பார்கள். மிசௌரி மாநிலத்துச் செயின்ட் ஜோசப் நகரில் 1888-ஆம் ஆண்டு கிறிஸ் ரட், சார்லஸ் அண்டர்வுட் என்ற இருவர் ஒரு மாவு ஆலையை வாங்கினர். ஆலையின் பெயர் பேர்ல் மில்லிங் கம்பெனி. கரைத்தவுடன் வார்க்கலாம் என்ற பக்குவத்தில் ஒரு கலப்பு மாவை 1889-இல் உண்டாக்கினர். சரக்கு தயார், சரக்குக்குப் பெயர் இல்லை.

பெயர் எங்கே கிடைத்தது தெரியுமா? ஒரு கூத்து மேடையில்! மின்ஸ்ட்ரல் என்று ஒரு கூத்து அந்நாளில் அந்த நாட்டில் பெரும் செல்வாக்கோடு நடந்துவந்தது. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப்போல் வேடமிட்டு, அவர்கள் பேச்சையும் நடையையும் பரிகாசம் செய்து ஆடுவார்கள். வெள்ளைக்காரக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்படி ஒரு கூத்தில், தலையில் துணி கட்டி, இடுப்பில் சமையல் துண்டு சுற்றிய வேடத்தோடு பாடப்பட்ட 'ஜெமைமா அத்தை' பாட்டை ரட் கேட்டார். பாட்டின் பெயர் மாவுக்கு வந்தது. வேடத்தின் உருவம் பொட்டலத்தில் ஏறிற்று. 'ஆன்ட் ஜெமைமா' பிறந்தாள்.

'ஆன்ட்' என்றால் அத்தை. கேட்பதற்கு எவ்வளவு அன்பான சொல்! அந்த அன்பைச் சற்றே உரசிப் பார்ப்போம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண் 'திருமதி'. ஒரு வெள்ளைக்கார ஆண் 'திருவாளர்'. கறுப்பினத்தார்க்கு அந்த மரியாதை கிடையாது. இளையவன் என்றால் 'பையா'. நரை தட்டிவிட்டால் 'மாமா'. பெண் என்றால் 'அத்தை'. மரியாதைச் சொல்லைக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்த உறவுச் சொல் அது. வீட்டு மேசையில் எல்லாருக்கும் பரிமாறலாம், ஆனால் அதே மேசையில் உட்கார்ந்து ஒரு வாய் உண்ண முடியாத அத்தை! சொத்தில் பங்கில்லை, பந்தியில் இடமில்லை, பெயரில் மட்டும் உறவு! தாத்தன் வயதுடைய உழவனைப் பண்ணையார் வீட்டுப் பொடியன் 'ஏலே' என்று கூப்பிட்டதைக் காதால் கேட்ட நமக்கு, ஒரு விளிச்சொல்லுக்குள் எவ்வளவு நஞ்சு ஒளிந்திருக்கும் என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

நான்சி கிரீன் என்ற உழைப்பாளி

அடுத்த ஆண்டே, 1890-இல், ஆலைக்காரர்கள் கைமுதல் இல்லாமல் அந்த மாவையும் பெயரையும் ஆர். டி. டேவிஸ் என்ற வேறொரு மாவு முதலாளிக்கு விற்றனர். டேவிஸ் கெட்டிக்காரர். தாளில் அச்சிட்ட முகம் பேசாது. உயிருள்ள முகம் பேசும் என்று கண்டுகொண்டார். அந்த வேடத்துக்கு ஓர் ஆளைத் தேடினார். கிடைத்தவர் நான்சி கிரீன்.

நான்சி கிரீன் அம்மையார் 1834-இல் கென்டக்கி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பின்னாளில் சிக்காகோவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையல்காரியாகவும் செவிலியாகவும் வேலை பார்த்தவர். 1893-இல் சிக்காகோவில் கூடிய உலகப் பொருட்காட்சியில், பெரிய மாவுப் பீப்பாய் வடிவில் அமைத்த ஒரு கடையின் முன்னே அவரை நிறுத்தினார்கள். தலையில் துணியைக் கட்டினார்கள். வார்த்து வார்த்துக் கொடு, சிரி, அடிமை வாழ்வு எவ்வளவு இனிமையாக இருந்தது என்று கதை சொல் என்றார்கள். அடிமைத்தளையின் தழும்பைச் சுமந்தவரைக் கொண்டே அடிமை வாழ்வுக்குப் புகழ்மாலை சூட்டிய கொடுமை அது!

அதே ஆண்டில், அதே பொருட்காட்சியில் நடந்த இன்னொன்றையும் தோழர்கள் அறிய வேண்டும். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வெளியேறி உலகப் புகழ் பெற்ற பெருமகனார் பிரடெரிக் டக்ளஸ் அங்கே இருந்தார். அவருக்கு இடம் கொடுத்தது அமெரிக்கா அன்று. ஐட்டி என்ற சின்னஞ்சிறு கறுப்பினக் குடியரசு தன் கூடத்தில் தன் பிரதிநிதியாக அவரை அமர்த்திற்று. அவரும் ஐடா பி. வெல்ஸ் என்ற வீராங்கனையும் மற்றிருவரும் சேர்ந்து, அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்தப் பொருட்காட்சியில் ஏன் இடமில்லை என்று கேட்டு ஒரு சிறுநூல் அச்சிட்டு வழங்கினர். எழுதும் கறுப்பனுக்கு இடமில்லை. தோசை வார்க்கும் கறுப்பிக்கு இடமுண்டு. நியாயம் கேட்ட வாய்க்கு இடமில்லை. சிரித்துக் காட்டும் வாய்க்குச் சிங்காரக் கூடம்! இந்த ஒரு காட்சி போதும், அந்த முகம் எதற்காகப் புட்டியில் ஏறிற்று என்பதை விளக்க.

பிறகு விளம்பரக்காரர்கள் கதை கட்டினர். லூசியானாவில் கர்னல் ஹிக்பி என்று ஒரு பண்ணைத் துரை இருந்தாராம். அவர் வீட்டு அடிமைச் சமையல்காரிதான் ஜெமைமாவாம். துரைக்கு ஊழியம் செய்வதே அவளுக்குப் பேரின்பமாம். கர்னலும் பொய், பண்ணையும் பொய், பேரின்பமும் பொய். மாவு விற்றது மட்டும் மெய்!

நான்சி கிரீன் அம்மையார் 1923-இல் சிக்காகோ நகரத் தெருவோரம் மோட்டார் விபத்தில் சிக்கி மாண்டார். அவரைப் புதைத்த இடத்தில் ஒரு பெயர்க்கல்கூட இல்லை. நாடெங்கும் கடைதோறும் அவர் வேடம் தொங்கிற்று. அவர் குழிமேல் அவர் பெயர் இல்லை. அந்தக் கல்லை நட்டது எப்போது தெரியுமா? 2020 செப்டம்பரில்! தொண்ணூற்றேழு ஆண்டு கழித்து, சிக்காகோக் கறுப்பின மக்களின் வரலாற்றுக் கழகம் ஒன்று முயன்று தேடி நட்டது.

சிலைக்கு ஆதரவு, உயிருக்கு இல்லை

அவர் மாண்ட அதே 1923-ஆம் ஆண்டின் பிப்ரவரியில் அமெரிக்கச் செனட் சபை ஒரு மசோதாவை ஏற்றது. தென்னாட்டு வீடுகளில் விசுவாசமாக ஊழியம் செய்த அடிமைச் செவிலித் தாய்மார்க்குத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப இடம் கொடுப்பது என்ற மசோதா. ஆகா, எவ்வளவு நன்றியுணர்ச்சி என்று வியக்கத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள். கும்பல் கூடிக் கறுப்பின மக்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்லும் கொடுமையைத் தண்டிக்க ஒரு மசோதா, 1922 ஜனவரியில் கீழ்ச்சபையில் நிறைவேறி இதே செனட் சபைக்கு வந்தது. தென்மாநிலத்துச் செனட்டர்கள் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தி, அந்த ஆண்டு டிசம்பரில் அதைச் சாகடித்தனர். மூன்று மாதம் கழிவதற்குள் சிலைக்குக் கை தூக்கினர்!

தாய்க்குச் சிலை, மகனுக்குத் தூக்குக் கயிறு! கறுப்பினப் பெண்களின் சங்கங்கள் கொதித்து எழுந்தன. கண்டனங்கள் குவிந்தன. கீழ்ச்சபை அந்தச் சிலை மசோதாவைத் தொடவில்லை. அது அங்கேயே மடிந்தது. கும்பல் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் அந்த நாட்டில் வந்தது எப்போது? 2022 மார்ச்சில்! புட்டியில் பெயர் மாறிய பிறகு வந்தது, உயிரைக் காக்கும் சட்டம்.

கூலி விஷயத்திலும் இதே கதைதான். 1935-இல் அமெரிக்காவில் முதியோர்க்கு உதவித்தொகை தரும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, உலகம் புகழ்ந்தது. ஆனால் பண்ணையில் உழைப்பவர்க்கும் வீட்டு வேலை செய்பவர்க்கும் அதில் இடமில்லை. குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் வகுத்த சட்டம் 1938-இல் வந்தது. வீட்டு வேலைக்காரர்க்கு அதுவும் எட்டவில்லை. அந்தக் கூலிச் சட்டம் அவர்களைத் தொட 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாளில் கூலிக்கு உழைத்த கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் செய்தது வீட்டு வேலை. அதாவது, ஜெமைமாவின் படத்தைக் கொண்டாடிய நாடு, அடுக்களையில் நின்ற உண்மை ஜெமைமாவுக்கு நாலு காசு கூலி உறுதியும் முதுமையில் ஒரு வாய்க் கஞ்சிக்கு வழியும் தர மறுத்தது. இதுதான் தோழர்களே, நாம் கண்ணில் நிறுத்த வேண்டிய காட்சி.

பாகு வந்தது, முகம் மாறி மாறி வந்தது

1926-இல் குவேக்கர் ஓட்ஸ் கம்பெனி இந்த வணிகப் பெயரை விலைக்கு வாங்கிற்று. குவேக்கர் என்பார் அடிமை முறையை முன்னின்று எதிர்த்த ஒரு கிறித்தவ சமயக் குழுவினர். அந்தக் குழுவுக்கும் இந்தக் கம்பெனிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நல்ல பெயர் என்று எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெயரை இரவல் வாங்குவது அந்த வீட்டுப் பழைய வழக்கம் போலும்!

மாவோடு நின்ற பெயர் 1966-இல் பாகுப் புட்டிக்கும் வந்தது. 1968-இல், உரிமைப் போராட்டம் நாடெங்கும் பரவிய காலத்தில், தலைத்துணியைத் தலைப்பட்டியாகச் சுருக்கி, முகத்தை இளமையாக்கினர். 1989-இல் பட்டியையும் எடுத்து, காதில் முத்துத்தோடு, கழுத்தில் பின்னல் பட்டை வைத்தனர். போராட்டம் ஓங்கும்போதெல்லாம் துணி சுருங்கிற்று. பெயர் மட்டும் அசையவில்லை. 2001-இல் குவேக்கர் கம்பெனியை மொத்தமாக விழுங்கிற்று பெப்சிகோ என்ற மாபெரும் கம்பெனி.

அந்த வேடத்தை ஏற்றவர் நான்சி கிரீன் ஒருவர் மட்டுமல்லர். டெக்சாஸ் மாநிலத்து லில்லியன் ரிச்சர்ட் அம்மையார் 1925 முதல் இருபதாண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சென்று வார்த்துக் காட்டினார். தென் கரோலினாவில் பிறந்த அன்னா ஹாரிங்டன் அம்மையார் 1935-இல் நியூயார்க் மாநிலப் பொருட்காட்சியில் நின்றார். ஹாரிங்டன் அம்மையாரின் வழிவந்தவர்கள், எங்கள் மூதாட்டியின் முகத்தை வைத்து ஈட்டியதில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று 200 கோடி டாலர் கேட்டு 2014-இல் வழக்குத் தொடுத்தனர். கம்பெனி என்ன சொன்னது? அந்த உரு எந்தத் தனி மனிதரையும் குறிப்பதன்று என்றது! வழக்குத் தொடுக்கும் தகுதி இவர்களுக்கு இல்லை என்று நீதிமன்றம் 2015-இல் தள்ளிற்று.

பாருங்கள் வித்தையை! விற்கும்போது அவள் உயிருள்ளவள். உங்கள் ஊருக்கே வருகிறாள், வந்து பாருங்கள் என்று விளம்பரம். பங்கு கேட்கும்போது அவள் வெறும் கற்பனை. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்று வாதம். உழைக்கும்போது ஆள், கூலி கேட்டால் நிழல்! மஸ்டர் ரோலில் பெயரை ஏற்றாமல் வேலை வாங்கிவிட்டு, நீ இங்கே வேலை செய்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கும் ஒப்பந்தக்காரனைத் தினமும் பார்க்கும் தோழர்களுக்கு இந்த வாதம் புதிதன்று.

131 ஆண்டும் 23 நாளும்

2020 மே 25-இல் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டு என்ற கறுப்பின மனிதரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரன் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை அழுத்திக் கொன்றான். அமெரிக்கா கொந்தளித்தது. நகரந்தோறும் மக்கள் தெருவுக்கு வந்தனர். இருபத்துமூன்றாம் நாள் குவேக்கர் கம்பெனியின் அறிவிப்பு வெளிவந்தது: இந்தப் பெயரின் தோற்றம் இன இழிவு கொண்டது, ஆகவே கைவிடுகிறோம் என்று. 131 ஆண்டாகக் கண்ணுக்குத் தெரியாத இழிவு 23 நாளில் தெரிந்துவிட்டது! கண் திறந்தது கம்பெனியின் மனச்சாட்சியாலா, தெருவில் நின்ற மக்களின் திரளாலா? விடை சொல்லவும் வேண்டுமோ? அங்கிள் பென் என்ற அரிசிப் பெயரும் அதே ஆண்டில்தான் வீழ்ந்தது. 'மாமா' போய் 'பென்ஸ் ஒரிஜினல்' ஆயிற்று. போராடியவர்களின் வெற்றி இவை. அதைக் குறைத்துப் பேச நாம் ஒருப்படோம்.

2021 பிப்ரவரியில் புதிய பெயரை வெளியிட்டனர். அந்தப் பெயர் என்ன? பேர்ல் மில்லிங் கம்பெனி! ஆம், 1888-இல் ரட்டும் அண்டர்வுட்டும் நடத்திய அதே ஆலையின் பெயர். சிவப்பு, மஞ்சள் வண்ணம் அப்படியே. பெயர் புதிது, சுவை பழையது என்று வாங்குவோர்க்கு உறுதிமொழி வேறு. நான்சி கிரீன் பெயரை இடலாமே என்று எவரும் கேட்கலாம். இடவில்லை. வேலைக்காரியின் வேடம் போயிற்று. அந்த இடத்தில் முதலாளி ஆலையின் பெயர் வந்து உட்கார்ந்தது. இழிவும் போயிற்று, இழிவைச் சுமந்தவளும் போனாள்; எஞ்சியது கம்பெனி!

நாக்கின் உரிமை

இனி, 'எங்களுக்குப் பிடித்த பாகு' என்போரிடம் சில சொல்.

எந்தப் பாகு பிடிக்கும் என்பது அவரவர் நாக்கின் உரிமை. ஒருவருக்குத் தேன் பிடிக்கும், ஒருவருக்கு வெல்லப்பாகு பிடிக்கும். பகுத்தறிவு பேசுவதால் பிறர் நாக்குக்குத் தடைச்சட்டம் போட நாம் வரவில்லை. ஆனால், அந்தப் புட்டியில் இருந்தது என்ன என்று பொருட்பட்டியலைப் படித்தால், மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பாகு இரண்டு வகை, தண்ணீர், கெட்டிப்படுத்தும் பிசின், பழுப்பு நிறம், மணமூட்டி, கெடாமல் வைக்கும் ரசாயனம். பலர் எண்ணியதுபோல் மேப்பிள் மரத்துப் பாகு அன்று. மேப்பிள் பாகு வேறு. பனிக்காலம் முடியும் தறுவாயில் அந்த மரத்தைத் துளையிட்டுச் சாற்றை வடிப்பார்கள். நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். பாளை சீவிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதனால் அது விலை கூடியது. தொழிலாளி வீட்டு மேசைக்கு வந்தது சோளப் பாகுதான். ஆகவே ஏழையின் நாக்கைப் பழித்து, 'நல்ல பாகு தெரியாதவர்கள்' என்று ஏளனம் செய்யும் பணக்காரச் சுவைஞர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. பையில் இருக்கும் காசுதான் பாதிச் சுவையைத் தீர்மானிக்கிறது.

உணவில் அரசியல் ஏன் என்கிறார்களே, அந்த மேப்பிள் பாகின் பழைய வரலாற்றைக் கேளுங்கள். அடிமைகளின் குருதியில் விளைந்த கரும்புச் சர்க்கரை வேண்டாம், மேப்பிள் மரச் சர்க்கரையை உண்போம் என்று 1790-களிலேயே அமெரிக்காவில் ஓர் இயக்கம் எழுந்தது. பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவ அறிஞர் அதை ஆதரித்து எழுதினார். தாமஸ் ஜெபர்சன்கூடத் தம் பண்ணையில் அந்த மரத்தை நட்டுப் பார்த்தார். அடிமைச் சர்க்கரைக்கு மாற்று வேண்டும் என்றவரின் பண்ணையிலேயே அடிமைகள் உழைத்தனர் என்பது அந்தக் கதையின் கசப்பு! ஆக, இனிப்புக்குள் அரசியல் நேற்று புகுந்ததன்று. அடிமை கரும்பு வெட்டிய அன்றே புகுந்தது. புட்டியில் அந்த முகத்தை ஒட்டியவன் செய்தது அரசியல் இல்லையாம். கிழிக்கச் சொன்னவன் செய்ததுதான் அரசியலாம்! இது என்ன நியாயம்?

பெயரில் என்ன இருக்கிறது என்போருக்கு

'பெயரில் என்ன இருக்கிறது' என்றும் சிலர் கேட்டனர். இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்காதீர்கள். ஓர் ஊருக்கு ஆலை முதலாளியின் பெயரா என்று கேட்டு, 1953 ஜூலையில் கல்லக்குடித் தண்டவாளத்தில் தலை வைத்த இயக்கத்தின் வரலாறு நமக்கு உண்டு. 'தமிழ்நாடு' என்ற பெயருக்காக உண்ணாமல் கிடந்து 1956-இல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் நினைவு நமக்கு உண்டு. 1969 ஜனவரி 14-இல் அந்தப் பெயர் வந்தபோது நெஞ்சு நிமிர்ந்தவர்கள் நாம். பெயர் என்பது மானம். இழிவான பெயர் ஒழியவே வேண்டும். ஆனால் பெயர் மாறியதோடு பணி முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதற்காக எவரும் போராடுவதில்லை. பெயர்ப் போராட்டம் வாயிற்படி. வீடு அதற்கு அப்பால் இருக்கிறது.

இன்னொரு குரலும் எழுந்தது. அதை நாம் மரியாதையோடு கேட்க வேண்டும். அந்த வேடத்தை ஏற்ற பெண்களின் குடும்பத்தார் சிலர், முகத்தை அழிப்பதோடு எங்கள் பெண்மணிகளின் வரலாற்றையும் அழிக்காதீர்கள் என்றனர். அவர்கள் இழிவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. வேறு நல்ல வேலை எதுவும் தராத நாட்டில், கிடைத்த வேலையைக் கௌரவத்தோடு செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர்களை நினைவில் வையுங்கள் என்றனர். இதில் என்ன தவறு? வேடம் வேறு, வேடம் போட்ட மனுஷி வேறு. வேடத்தை எரிக்கலாம்; மனுஷியை மறக்கக் கூடாது. வேடத்தை நீக்கி மனுஷியின் பெயரைப் பொறித்திருந்தால், இரு சாராரும் மகிழ்ந்திருப்பர். அதைச் செய்யக் கம்பெனிக்கு மனம் வரவில்லை. பெயரைப் பொறித்தால் பாக்கிக் கணக்கும் கூடவே எழுமே!

கணக்கைப் பார்ப்போம்

கொடுக்கவே இல்லையா என்றால், கொடுக்கிறோம் என்றார்கள். ஐந்தாண்டில் கறுப்பின மக்களுக்காகக் குறைந்தது 50 லட்சம் டாலர் என்று அந்தப் பாகு வணிகத்தின் சார்பில் 2020-இல் வாக்களித்தார்கள். பெப்சிகோ மொத்தமாக ஐந்தாண்டில் 40 கோடி டாலருக்கு மேல் என்றது. பெரிய தொகைதானே என்று மலைக்க வேண்டாம். ஆண்டுக்கு 8 கோடி. அந்த 2020-ஆம் ஆண்டில் பெப்சிகோவின் வரவு 7,000 கோடி டாலருக்கு மேல். நிகர லாபம் 700 கோடி டாலருக்கு மேல். நூறு ரூபாய் வரவுக்குப் பதினொரு காசு. நூறு ரூபாய் லாபத்துக்கு ஒரு ரூபாய் சொச்சம். அதுவும் அவர்களாக வகுத்த திட்டம், அவர்களாக வைத்த பெயர். உழைத்தவள் வழிவந்தவர்கள் கேட்டபோது கிடைத்தது கைவிரிப்பு. விளம்பரத்துக்கு உதவும்போது வந்தது நன்கொடை. உரிமையாகக் கேட்டால் இல்லை, தருமமாக என்றால் உண்டு! உலக முதலாளிகள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். இழிவான பெயர் ஒழிந்தது நன்று; ஒழித்த மக்களுக்கு வாழ்த்து. ஆனால் பெயர்ப் பலகை மாறியதும் கணக்குப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். யார் உழைத்தார், யார் ஈட்டினார், யார் பெயர் கல்லறையில்கூட இல்லாமல் போயிற்று என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருங்கள். மக்கள் கோபத்துக்கு அஞ்சி ஆளுவோரும் ஆலையாளரும் பெயரை மாற்றித் தருவார்கள்; அது அவர்களுக்கு மலிவு. அதை வாங்கிக்கொள்வோம், ஆனால் ரசீதில் 'முழுப் பாக்கியும் தீர்ந்தது' என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போட மாட்டோம்.

சிக்காகோவில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் இன்று ஒரு கல் நிற்கிறது. அதில் நான்சி கிரீன் என்று அவர் சொந்தப் பெயர் இருக்கிறது. அதை நட்டவர்கள் எந்தக் கம்பெனியின் ஆணைக்கும் காத்திருக்கவில்லை. உழைத்தவர்க்கு உரிய பெயரை உழைக்கும் மக்களே மீட்டுத் தர முடியும் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. பெயரை மீட்டாயிற்று. இனி மீட்க வேண்டியது கூலி.